தொலைவில் ஹேங் ஆகி நிற்கும் கருவியை இங்கிருந்தே அணைத்துப் போடுவது: முழுமையான வழிகாட்டி

மலைமேல் நிற்கும் ரேடியோ கோபுரம், பூட்டிக் கிடக்கும் கிளை அலுவலகம், ஆளில்லாத கேமரா கம்பம் என்று எங்கே போனாலும் கதை ஒன்றுதான். ரவுட்டரோ ரேடியோவோ ஹேங் ஆகி நிற்கும். பிளக்கைப் பிடுங்கி அரை நிமிஷம் கழித்துச் செருகினால் சரியாகிவிடும். அந்த அரை நிமிஷ வேலைக்கு ஒரு ஆளும் ஒரு பைக்கும் அரை நாளும் போகும்.

இதை உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்யக் கருவிகள் நிறைய உண்டு. எதை வாங்கினாலும் ஒரே ஒரு விதியை வைத்து அதைச் சோதியுங்கள். அணைக்கும் கட்டளை நெட்வொர்க் வழியாகப் போகலாம். திரும்பப் போடும் வேலை அந்த சைட்டிலேயே, நெட்வொர்க்கை எதிர்பார்க்காமல் நடக்க வேண்டும். ரவுட்டரை அணைத்த நொடியே உங்களுக்கும் சைட்டுக்கும் இருந்த பாதை போய்விடுகிறது. 'ஆன்' கட்டளையை அதன் பிறகு எதன் வழியாக அனுப்புவது? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத அமைப்பு, ஹேங் ஆன கருவியைச் செத்த கருவியாக மாற்றும் இயந்திரம்.

இங்கே எடுத்துக்கொள்ளும் சைட் இது: 230 வோல்ட் லைன், அதில் ஒரு யுபிஎஸ், அதற்குப் பின் ஃபைபர் ஓஎன்டி (இணைய நிறுவனத்தின் ஃபைபர் வந்து முடியும் பெட்டி), ரவுட்டர், 8 போர்ட் பிஓஇ ஸ்விட்ச் (நெட்வொர்க் கேபிளிலேயே கரண்ட்டும் கொடுப்பது), இரண்டு ரேடியோ, நான்கு கேமரா, ஒரு என்விஆர் (கேமரா பதிவுப் பெட்டி), ஒரு சிறு சர்வர். பம்ப் மோட்டார், ஏசி போன்றவற்றைத் தூரத்திலிருந்து இயக்குவது வேறு கலை. அதற்கு இந்த அளவுகள் பொருந்தாது.

எது எதை நம்பி நிற்கிறது

கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளில் இரண்டு படம் வரையுங்கள். முதல் படம் கரண்ட் போகும் வழி: எந்தக் கருவிக்கு எந்த சாக்கெட், எந்த அடாப்டர், எந்த பிஓஇ போர்ட். இரண்டாவது படம் நீங்கள் உள்ளே வரும் வழி: உங்கள் லேப்டாப்பிலிருந்து ரிலே (கட்டளைப்படி கரண்ட்டை வெட்டிச் சேர்க்கும் ஸ்விட்ச்) வரைக்கும் இடையில் என்னென்ன கருவிகள் இருக்கின்றன.

இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் வளையம் தெரிந்துவிடும். ரவுட்டரை அணைக்கும் ரிலே, அதே ரவுட்டரின் வைஃபையில் தொங்கிக்கொண்டிருக்கும். ரவுட்டர் ஹேங் ஆனால் வைஃபையும் போகும். ரிலேயைத் தொடவே முடியாது. இந்த வளையத்தை இரண்டு விதமாக வெட்டலாம். ரிலேயே நிலைமையைப் பார்த்துத் தானாக முடிவெடுக்க வேண்டும், அல்லது ரிலேக்குத் தனியாக இரண்டாவது வழி வேண்டும். முக்கியமான சைட்டில் இரண்டையும் செய்யுங்கள்.

கரண்ட் படத்தில் இன்னொன்றையும் தேடுங்கள்: ஒரே கருவிக்கு இரண்டு வழியில் கரண்ட் போகிறதா? இரண்டு பவர் சப்ளை உள்ள சர்வரில் ஒரு சாக்கெட்டை அணைத்தால் ஒன்றும் நடக்காது. அடாப்டர், பிஓஇ இரண்டிலும் ஓடும் ஆக்சஸ் பாயின்ட்டும் அப்படியே. யுஎஸ்பி மோடம் ரவுட்டரிலிருந்து கரண்ட் எடுக்கிறது என்றால் மோடத்தை மட்டும் அணைக்க வழியில்லை. 'அணைத்துப் போட்டேன், சரியாகவில்லை' என்ற புகாரில் பாதி, உண்மையில் அணையாத கருவியைப் பற்றியதுதான்.

மிகச் சிறிய அடியில் தொடங்குங்கள்

சாக்கெட்டை அணைப்பது கடைசி ஆயுதம். உள்ளே நுழைய முடிகிறது என்றால் முதலில் அந்த சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். பிறகு போர்ட்டை அணைத்துப் போடுங்கள், பிறகு பிஓஇயை, பிறகு மென்பொருள் வழி ரீபூட். இவை எதுவும் எடுபடாதபோதுதான் 230 வோல்ட்டைத் தொட வேண்டும்.

காரணம் இரண்டு. என்விஆர், சர்வர் போன்ற ஹார்ட் டிஸ்க் கருவிகளுக்கு எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஃபைல் சிஸ்டம் கெடலாம். இரண்டாவதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை: நான்கைந்து வருடம் அணையாமல் ஓடிய அடாப்டரின் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்கள் காய்ந்துபோயிருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் வரை ஓடும். அணைத்தால் மறுபடி கிளம்பாது. ஆகவே அரை உயிரோடு இருக்கும் பழைய சைட்டை நள்ளிரவில் அணைத்துப் போடுவதற்கு முன், காலை வரை தாக்குப்பிடிக்குமா என்று ஒரு முறை யோசிக்கலாம்.

கான்ஃபிக் மாற்றும்போது வெளியே மாட்டிக்கொண்டால் அதிலிருந்து மீளப் பவர் சைக்கிளே தேவையில்லை. சிஸ்கோவில் மாற்றத்துக்கு முன் 'ரீலோட் இன் 10' கொடுங்கள். தொடர்பு அறுந்தால் 10 நிமிஷத்தில் தானே ரீபூட் ஆகிப் பழைய கான்ஃபிக்கோடு வரும். சரியாக இருந்தால் 'ரீலோட் கேன்சல்' கொடுத்துவிட்டு சேவ் செய்யுங்கள். முன்னாலேயே சேவ் செய்தால் பயனில்லை. ஜூனிப்பரில் 'கமிட் கன்ஃபர்ம்ட்', மைக்ரோடிக்கில் 'சேஃப் மோட்' இதே வேலையைச் செய்யும்.

பிஓஇ போர்ட்: கையில் ஏற்கெனவே இருக்கும் ரிலே

ரேடியோ, கேமரா, ஆக்சஸ் பாயின்ட் எல்லாம் மேனேஜ்டு பிஓஇ ஸ்விட்ச்சில் இருந்தால், தனி ரிலே வாங்க வேண்டியதே இல்லை. மைக்ரோடிக்கில் பிஓஇ மெனுவுக்குள் 'பவர் சைக்கிள்' என்ற கட்டளை உண்டு; போர்ட் பெயரும் 'டியூரேஷன் 10 விநாடி' என்பதும் கொடுத்தால் போதும். அணைப்பதும் போடுவதும் ஒரே கட்டளைக்குள், ஸ்விட்ச்சுக்குள்ளேயே நடப்பதால் நடுவில் உங்கள் தொடர்பு அறுந்தாலும் கவலையில்லை. அதே மெனுவில் 'பவர் சைக்கிள் பிங்' வசதியும் இருக்கிறது (பிங் என்பது 'இருக்கிறாயா' என்று கேட்டுப் பதில் பார்க்கும் சோதனை). கேமராவின் ஐபியையும் டைம்அவுட்டையும் கொடுத்தால், பிங் நின்றபோது ஸ்விட்ச்சே போர்ட்டை அணைத்துப் போடும்.

சிஸ்கோவில் 'பவர் இன்லைன் நெவர்', பிறகு 'பவர் இன்லைன் ஆட்டோ' என்று இரண்டு கட்டளை. கேமராவுக்கு இது பரவாயில்லை. நீங்கள் உள்ளே வருவதே அந்த ரேடியோ வழியாகத்தான் என்றால் இரண்டாவது கட்டளை போய்ச் சேராது. இரண்டையும் சேர்த்து ஒட்டினால் போய்விடும் என்று நம்பாதீர்கள். சில நேரம் போகும், சில நேரம் போகாது. ஸ்விட்ச்சிலேயே ஓடும் ஈஈஎம் ஆப்லெட்டாக (சிஸ்கோவின் சிறு ஸ்கிரிப்ட்) எழுதிவையுங்கள். இல்லையென்றால் சைட்டில் இருக்கும் லினக்ஸ் பெட்டியில் 'அணை, 30 விநாடி தூங்கு, போடு' என்று ஸ்கிரிப்ட் எழுதி, அதை 'நோஹப்' போட்டு ஓட்டுங்கள். எஸ்எஸ்ஹெச் (தொலை லாகின்) அறுந்தாலும் ஸ்கிரிப்ட் சாகாது.

24 வோல்ட் பாஸிவ் பிஓஇ ரேடியோக்கள் 802.3 ஏஎஃப் அல்லது ஏடி என்ற பிஓஇ தரத்தில் இயங்கும் ஸ்விட்ச்சிலிருந்து கரண்ட் எடுக்காது. கேபிளில் கரண்ட் ஏற்றும் அவற்றின் இன்ஜெக்டரைத்தான் ரிலே உள்ள சாக்கெட்டில் செருக வேண்டும்.

சர்வர்

சர்வரில் பிஎம்சி இருந்தால் (டெல்லில் ஐட்ராக், ஹெச்பியில் ஐலோ) அதுவே தனி சிறு கம்ப்யூட்டர்; பெரிய இயந்திரம் ஹேங் ஆனாலும் அது பேசும். பிஎம்சியோடு பேசும் ஐபிஎம்ஐ கட்டளைகளில் முதலில் 'சாஃப்ட்' கொடுங்கள். அது முறையாக ஷட்டவுன் செய்யச் சொல்லும். இரண்டு மூன்று நிமிஷம் பார்த்துவிட்டு எடுபடாவிட்டால் 'சைக்கிள்'.

பிஎம்சி இல்லாத சாதாரண பிசியை சாக்கெட் ரிலேயில் வைக்கிறீர்கள் என்றால், பயாஸில் 'ஏசி பவர் லாஸ்' அமைப்பை 'பவர் ஆன்' என்று வையுங்கள். 'லாஸ்ட் ஸ்டேட்' வேண்டாம். யாராவது முறையாக ஷட்டவுன் செய்த பிறகு சாக்கெட்டை அணைத்துப் போட்டால், கடைசி நிலை 'ஆஃப்' என்பதால் அது அணைந்தே கிடக்கும்.

வேக்-ஆன்-லேன் இதற்கு மாற்று ஆகாது. ஆறு பைட் முழு ஒன்றுகளும், பிறகு மேக் முகவரி 16 முறையும் சேர்ந்த 102 பைட் பாக்கெட் அது. அணைந்த இயந்திரத்தை எழுப்பும். ஹேங் ஆன இயந்திரத்தை ஒன்றும் செய்யாது.

சாக்கெட் மட்டத்தில்: ரிலே எதனால் சாகிறது

இங்கேதான் பணம் வீணாவதும், தீப்பிடிக்கும் ஆபத்தும். கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் ஓடும்போது 230 வோல்ட் பக்கத்தில் கால் ஆம்பியர்கூட இழுக்காது. அதனால் 10 ஆம்பியர் ரிலே தாராளம் என்று தோன்றும். ஆனால் போட்ட முதல் சில மில்லி விநாடியில், காலியாக இருக்கும் கெபாசிட்டர் கிட்டத்தட்ட ஷார்ட் சர்க்யூட் போல நடந்துகொள்ளும். சிறிய எஸ்எம்பிஎஸ்களின் (இந்த அடாப்டர்களில் இருக்கும் பவர் சப்ளை) தரவுத்தாளிலேயே 230 வோல்ட்டில் தொடக்கக் கரண்ட் 30 முதல் 60 ஆம்பியர் வரை போட்டிருப்பார்கள். கடையில் கிடைக்கும் நீலநிற டப்பா ரிலேயின் 10 ஆம்பியர் என்பது ஹீட்டர் போன்ற லோடுக்கான கணக்கு. அதன் தொடுமுனை நூறு தடவை தாங்கும், நூற்றியொன்றாவது தடவை ஒட்டிக்கொள்ளும். பிறகு திரையில் 'ஆஃப்' என்று காட்டும், கரண்ட் போய்க்கொண்டே இருக்கும்.

ஆகவே தரவுத்தாளில் தொடக்கக் கரண்ட் அளவு தனியாகக் குறிப்பிட்ட ரிலேயை எடுங்கள், அல்லது சிறு ரிலேயை வைத்து ஒரு மாடுலர் காண்டாக்டரை (பெரிய கரண்ட்டுக்கான ரிலே) இயக்குங்கள். 20 அல்லது 25 ஆம்பியர் காண்டாக்டர் டின் ரெயிலில் உட்காரும், ஐந்தாறு எஸ்எம்பிஎஸ்களைச் சேர்த்தும் தாங்கும். மேலே உள்ள எம்சிபி 'சி' வகையாக இருக்கட்டும். 'பி' வகை மதிப்பைப்போல 3 முதல் 5 மடங்கில் விழும், 'சி' 5 முதல் 10 மடங்கில். எல்லா அடாப்டரும் ஒரே நேரத்தில் கிளம்பும்போது 'பி' விழுந்தால், அதைத் தூக்கிவிட நீங்கள்தான் போக வேண்டும்.

சாலிட் ஸ்டேட் ரிலே (தொடுமுனை இல்லாத மின்னணு ரிலே) தேய்மானமில்லாதது என்று ஆசைப்பட வேண்டாம். அணைந்த நிலையிலும் சில மில்லி ஆம்பியர் கசியும். சாதாரண ரிலேயின் தொடுமுனைக்குக் குறுக்கே ஸ்னப்பர் (பொறியை அடக்கும் சுற்று) போட்டாலும் அதே கதை: 0.1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் சுமார் 7 மில்லி ஆம்பியர் விடும். சிறிய அடாப்டர் அந்தக் கசிவிலேயே அரைகுறையாகத் துடித்துக்கொண்டிருக்கும். கருவி முழுதாக அணையாது.

ரிலே வெட்ட வேண்டியது ஃபேஸை. நியூட்ரலை மட்டும் வெட்டினால் கருவி அணையும், ஆனால் உள்ளே ஃபேஸ் உயிரோடு இருக்கும்; திறந்து கைவைப்பவருக்கு ஆபத்து. எர்த்தை எந்தக் காரணத்துக்காகவும் ரிலே வழியாகக் கொண்டுபோகக் கூடாது. 230 வோல்ட் வயரிங்கை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

48 வோல்ட் டிசி சைட் என்றால் இன்னும் கவனம். ஏசியில் கரண்ட் விநாடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் தொடுமுனையில் எழும் பொறி தானே அணையும். டிசியில் அணையாது. மேலே '30 வோல்ட் டிசி' என்று எழுதிய ரிலேயில் 48 வோல்ட்டை வெட்டினால், தொடுமுனை விலகிய பிறகும் பொறி நின்று எரியலாம். அந்த வோல்டேஜுக்கென்றே மதிப்பிட்ட டிசி ரிலே வேண்டும்.

மூடியே இருக்கும் முனையில் கட்டுங்கள்

ரிலேயில் மூன்று முனை உண்டு: காமன், நார்மலி ஓப்பன், நார்மலி குளோஸ்டு. கருவியை நார்மலி குளோஸ்டு முனையில் கட்டுங்கள். ரிலேக்குக் கரண்ட் இல்லாதபோது கருவிக்குக் கரண்ட் இருக்கும். கன்ட்ரோலர் செத்தாலும், அதன் அடாப்டர் போனாலும், ரவுட்டர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். காவல்காரன் தூங்கினால் வீடு இருட்டாகக் கூடாது. சில ரிலேக்களில் இந்த முனையின் ஆம்பியர் மதிப்பு மற்றதைவிடக் குறைவு, தரவுத்தாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈஎஸ்பி32 அல்லது ஈஎஸ்பி8266 என்ற வைஃபை போர்டில் டாஸ்மோட்டா என்ற ஃபர்ம்வேரை ஓட்டினால் இந்த வயரிங்குக்கு இரண்டு அமைப்பு போதும். 'பவர் ஆன் ஸ்டேட் 0' வைத்தால் போர்டு எழும்போது ரிலே தளர்ந்தே இருக்கும். 'பல்ஸ்டைம் 130' வைத்தால் ரிலே இழுத்த 30 விநாடியில் தானே விடும். 111க்கு மேற்பட்ட எண்களில் 100 கழித்தால் வருவதுதான் விநாடி என்பதால் 130 என்றால் 30. இனி நீங்கள் அனுப்புவது ஒரே ஒரு 'ஆன்'. மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

வாங்கிய ஸ்மார்ட் பிளக் என்றால் அதற்குள் பெரும்பாலும் நார்மலி ஓப்பன் முனைதான்; மாற்ற முடியாது. டாஸ்மோட்டா ஏறிய பிளக்கில் 'பவர் ஆன் ஸ்டேட் 5' வையுங்கள். பல்ஸ்டைம் தலைகீழாக வேலை செய்து, அணைத்த பின் அந்த நேரம் கழித்துத் தானே போடும். ஷெல்லி பிராண்டு பிளக்கில் 'ஆட்டோ ஆன்' டைமர் இதே பயன். கிளவுட் ஆப்பில் மட்டும் இயங்கும் மலிவான பிளக்கில் 'ஷெட்யூல்' பிளக்குக்குள் சேமிக்கப்படுகிறதா, நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறதா என்று இணையத்தைத் துண்டித்துச் சோதியுங்கள். சர்வரில் இருந்தால் இந்த வேலைக்கு அது உதவாது.

ஈஎஸ்பி8266இல் ரிலேயை ஜிபிஐஓ எனப்படும் பின்களில் 4 அல்லது 5இல் கட்டுங்கள். 0, 2, 15, 16 போன்றவை பூட் ஆகும்போது ஒரு கணம் நிலை மாறும். கரண்ட் போய் வரும்போதெல்லாம் ரிலே ஒரு முறை 'டிக்' என்று அடித்து ரவுட்டரை அணைத்துவிடும்.

ராக்கில் வைக்கும் ஸ்விட்ச்டு பிடியு (ஒவ்வொரு சாக்கெட்டையும் நெட்வொர்க் வழியாக அணைத்துப் போடும் பவர் ஸ்ட்ரிப்) வாங்க வசதி இருந்தால் இந்த வயரிங் தலைவலி எதுவும் இல்லை. ஏபிசி ராக் பிடியுவில் எஸ்என்எம்பி (கருவிகளை மேற்பார்க்கும் நெறிமுறை) வழியாக 1.3.6.1.4.1.318.1.1.12.3.3.1.1.4 என்ற எண்ணுக்குப் பின் அவுட்லெட் எண்ணைச் சேர்த்து எழுதலாம். மதிப்பு 1 என்றால் ஆன், 2 என்றால் ஆஃப், 3 என்றால் ரீபூட். ஸ்கிரிப்ட்டில் 2ஐப் பயன்படுத்தவே வேண்டாம், எப்போதும் 3. 'ரீபூட் டியூரேஷன்' ஒவ்வொரு அவுட்லெட்டுக்கும் தனித்தனியாக மாற்றலாம்.

எவ்வளவு நேரம் அணைத்து வைப்பது

ஐந்து விநாடி போதாது. லேசான லோடில் எஸ்எம்பிஎஸ் கெபாசிட்டர் சில விநாடி கருவியைத் தாங்கும்; கருவி முழுதாக அணையாமல் அரைமயக்கத்தில் திரும்ப எழும். பத்து விநாடியில் கெபாசிட்டர் காலியாகிவிடும். ஆனால் தொடக்கக் கரண்ட்டைத் தடுக்கும் என்டிசி தெர்மிஸ்டர் அப்போதும் சூடாக இருக்கும். அது குளிர்ந்தால்தான் தடுக்கும், சூட்டில் தடுக்காது. காலியான கெபாசிட்டரும் சூடான தெர்மிஸ்டரும் சேரும் அந்த நேரத்தில்தான் ரிலே முனை வாங்கும் அடி பெரிது. 30 விநாடி வையுங்கள். பெரிய பவர் சப்ளை என்றால் 60.

கரண்ட் போய் வரும்போது எல்லாம் ஒன்றாக எழுவதையும் தவிர்க்க வேண்டும். பிடியுவில் 'பவர் ஆன் டிலே' இருந்தால் ஓஎன்டி உடனே, ரேடியோவும் ஸ்விட்ச்சும் 10 விநாடியில், ரவுட்டர் 90 விநாடியில், என்விஆர் கடைசியாக என்று வரிசை கொடுங்கள். ஓஎன்டி எழுவதற்குள் ரவுட்டர் முகவரி கேட்டு ஓய்ந்துவிட்டால், சில மாடல்கள் மறுபடி கேட்கவே கேட்காது.

தானியங்கிக் காவல்: வாட்ச்டாக்கின் எண்கள்

பிங் போகவில்லை என்றால் ரீபூட் என்பது கேட்க எளிது. எண்களைத் தப்பாக வைத்தால் அதுவே பெரிய வியாதி. ஃபைபர் அறுந்து ஆறு மணி நேரம் கிடந்தால், ஐந்து நிமிஷ எண்ணிக்கையும் நான்கு நிமிஷ பூட் நேரமும் உள்ள வாட்ச்டாக் ரவுட்டரை நாற்பது தடவை அணைக்கும். ஃபைபர் நன்றாக இருக்கும்போது ஓஎன்டியை அணைத்தால், ஒவ்வொரு முறையும் அது ஐஎஸ்பிக்கு (இணைய நிறுவனத்துக்கு) கடைசி மூச்சு போல ஒரு அலாரம் அனுப்பும். 'உங்கள் பக்கம் கரண்ட் பிரச்சினை சார்' என்று அவர்கள் சொன்னால் கோபப்பட வேண்டாம்; அவர்கள் திரையில் அப்படித்தான் தெரியும்.

எங்கே பிங் செய்வது என்பதிலேயே பாதி அறிவு இருக்கிறது. மூன்று அடுக்காகப் பாருங்கள். ரவுட்டரின் உள் முகவரியே பதில் சொல்லவில்லை என்றால் ரவுட்டர் ஹேங். ரவுட்டரை அணைத்துப் போடுங்கள். ரவுட்டர் பேசுகிறது, ஐஎஸ்பியின் முதல் கேட்வே பேசவில்லை என்றால் ஓஎன்டியை ஒரே ஒரு முறை அணைத்துப் பாருங்கள். கேட்வேயும் பேசுகிறது, இணையத்தின் பொது சர்வர்களான 8.8.8.8, 1.1.1.1 இரண்டும் பேசவில்லை என்றால் சைட்டில் அணைக்க ஒன்றுமில்லை. 8.8.8.8ஐ மட்டும் நம்பி ரவுட்டரை அணைக்கும் அமைப்பைத்தான் எங்கும் பார்க்கிறோம்.

தொடங்குவதற்கு இந்த எண்கள் போதும்: 60 விநாடிக்கு ஒரு சோதனை, தொடர்ந்து 5 தோல்வி. முதல் ரீபூட்டுக்குப் பின் 10 நிமிஷம் காத்திருப்பு. மூன்றாவது முயற்சிக்கு முன் ஒரு மணி நேரம். அதன் பிறகு 6 மணி நேரத்துக்கு ஒன்று. ஒரு நாள் முழுக்க லைன் போய்க் கிடந்தாலும் ஆறேழு முறைக்கு மேல் அணையாது.

யுபிக்விட்டி ஏர்ஓஎஸ் ரேடியோவில் உள்ளேயே 'பிங் வாட்ச்டாக்' உண்டு; லிங்க் மட்டும் தொங்கும்போது நன்றாக வேலை செய்யும். ஆனால் அது தன்னைத்தானே மென்பொருளால் ரீபூட் செய்வது. சிபியுவே நின்றுபோனால் வாட்ச்டாக்கும் சேர்ந்து நிற்கும்.

இரண்டாவது வழி

4ஜி ரவுட்டர் ஒன்று, வேறு நிறுவனத்தின் சிம்மோடு. மொபைல் நெட்வொர்க்கில் பெரும்பாலும் உங்களுக்குப் பொது ஐபி கிடைக்காது; 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரி வந்தால் அது பகிர்ந்த நேட் (பலருக்கு ஒரே பொது ஐபி). வெளியிலிருந்து நுழைய முடியாது. ஆகவே சைட்டிலிருந்து உங்கள் சர்வருக்கு வயர்கார்ட் என்ற விபிஎன் டனல் போடுங்கள். 'பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ்' 25 விநாடி வைக்காவிட்டால் நேட் மூடிக்கொள்ளும். நீங்கள் தேடும்போது டனல் இருக்காது.

அந்த 4ஜி ரவுட்டரும் ஹேங் ஆகும். அதற்கு நெட்வொர்க் எதுவும் வேண்டாம்: விடியற்காலை ஒரு நிமிஷம் அணைத்துப் போடும் டிஜிட்டல் டைமர் சாக்கெட் போதும். சுற்றும் தகடுள்ள மெக்கானிக்கல் டைமர் வேண்டாம். ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் அதன் நேரம் பின்தங்கும், ஒரு மாதத்தில் நண்பகலில் அணைக்கும்.

எஸ்எம்எஸ் ரிலே இன்னும் எளிது, டேட்டா இல்லாத இடத்திலும் வேலை செய்யும். சிம்800எல் மாட்யூல் 2ஜி மட்டும்; ஜியோ சிம் அதில் வேலை செய்யாது. 3.4 முதல் 4.4 வோல்ட் வேண்டும், அனுப்பும் கணத்தில் 2 ஆம்பியர் இழுக்கும். பலவீனமான சப்ளையில் போட்டால் பதில் அனுப்பும்போதே ரீசெட் ஆகும்; 1000 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரைப் பக்கத்திலேயே வையுங்கள். சிம்மின் ரீசார்ஜ் தேதியை அலுவலக காலண்டரில் எழுதுங்கள்.

பூட்டு

பிடியுவின் வெப் பக்கத்தை போர்ட் ஃபார்வர்ட் செய்து இணையத்தில் திறந்துவைப்பது, மெயின் ஸ்விட்ச்சைத் தெருவில் வைப்பது போல. விபிஎன் வழியாக மட்டும் வரட்டும். மேனேஜ்மென்ட்டுக்குத் தனி விலேன் (பிரித்துவைத்த உள் நெட்வொர்க்) இருக்கட்டும். எஸ்என்எம்பியில் 'பிரைவேட்' என்ற கம்யூனிட்டி பெயரை அப்படியே விட்டால் லேனில் இருக்கும் யாரும் அணைக்கலாம். பதிப்பு 3க்கு மாறுங்கள். ஐபிஎம்ஐ 2.0இன் வடிவமைப்பிலேயே ஒரு ஓட்டை: யூசர் பெயர் தெரிந்தால் போதும், உள்நுழைவதற்கு முன்பே கடவுச்சொல்லின் ஹேஷை (உடைத்துப் பார்க்கக்கூடிய மறைகுறி வடிவம்) பிஎம்சி கொடுத்துவிடும். ஐபிஎம்ஐ பேசும் யுடிபி 623 போர்ட்டை வெளியே காட்டவே கூடாது.

முகவரிப் பட்டையில் ஒரு யுஆர்எல் அடித்தாலே அணையும் ரிலேக்களில் ஒரு வேடிக்கையான ஆபத்து உண்டு. பிரவுசர் பழைய டேபைத் திரும்பத் திறக்கும்போதும், அந்த யுஆர்எல்லைச் சாட்டில் ஒட்டும்போது முன்னோட்டம் எடுக்கும்போதும் கருவி அணையலாம். கடவுச்சொல் போடுங்கள், லிங்க்கைப் பகிராதீர்கள்.

சைட்டை விட்டு இறங்குவதற்கு முன்

கதவைப் பூட்டுவதற்கு முன் இந்தச் சோதனைகள். அங்கே நிற்கும்போது தோற்றால் பத்து நிமிஷ வேலை.

1. அணைக்கும் கட்டளை கொடுத்த உடனே ரிலே கன்ட்ரோலரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபை என்றால் ஆக்சஸ் பாயின்ட்டை அணையுங்கள். 30 விநாடியில் கருவி தானே எழ வேண்டும்.
2. கன்ட்ரோலரின் அடாப்டரைப் பிடுங்குங்கள். ரவுட்டர் அணையக் கூடாது. திரும்பச் செருகும்போதும் அணையக் கூடாது.
3. யுபிஎஸ் உட்பட மொத்த கரண்ட்டையும் எடுத்து ஐந்து நிமிஷம் கழித்துப் போடுங்கள். யாரும் தொடாமல் எல்லாம் எழுந்து, டனல் திரும்ப வர எத்தனை நிமிஷம் ஆகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். நாளை தூரத்திலிருந்து காத்திருக்கும்போது இந்த எண்தான் பதற்றத்தைக் குறைக்கும்.
4. ஃபைபரைப் பிடுங்கி இரண்டு மணி நேரம் விடுங்கள். வாட்ச்டாக் எத்தனை முறை அணைத்தது? மூன்றுக்கு மேல் என்றால் எண்களைத் திருத்துங்கள்.
5. ஒவ்வொரு அவுட்லெட்டாக அணைத்து, பெயரில் உள்ள கருவிதான் அணைகிறதா என்று கண்ணால் பாருங்கள். கேபிளின் இரு முனையிலும் லேபிள் ஒட்டுங்கள்.

வாட் அளவிடும் அவுட்லெட் இருந்தால் ஒவ்வொரு கருவியின் சாதாரண வாட்டையும் குறித்துவையுங்கள். ரிலேயின் நிலையை நம்பாதீர்கள், வாட்டை நம்புங்கள். 'ஆஃப்' என்று காட்டும்போது 8 வாட் ஓடிக்கொண்டிருந்தால் முனை ஒட்டிவிட்டது. 'ஆன்' என்று காட்டும்போது 1 வாட்தான் என்றால் அடாப்டரோ கருவியோ செத்துவிட்டது; ஆளை அனுப்பும்போதே அடாப்டரைக் கையோடு கொடுத்தனுப்பலாம்.

அணைக்கும் நாளில்

அணைப்பதற்கு முன் இருக்கும் தடயத்தை எடுத்துவிடுங்கள். கடைசி லாக், அப்டைம், வெப்பநிலை, பிஓஇ வாட்: ரீபூட் ஆனதும் பல கருவிகளில் இவை எல்லாம் அழிந்துவிடும். லாக்கை வெளியே ஒரு சிஸ்லாக் சர்வருக்கு அனுப்பும்படி முன்பே அமைத்திருந்தால் இந்த வேலை மிச்சம். ஃபர்ம்வேர் ஏறிக்கொண்டிருக்கிறதா என்று சக ஊழியரிடம் கேளுங்கள். பாதி எழுதிய ஃப்ளாஷ்மேல் கரண்ட்டை எடுத்தால் கருவி செங்கல்தான்.

பிறகு ஒரே ஒரு கட்டளை. மூன்றாவது சோதனையில் குறித்த நிமிஷங்களோடு இன்னும் பாதியைச் சேர்த்துக் காத்திருங்கள். வரவில்லை என்று நடுவில் மறுபடி அணைக்காதீர்கள்; பவர் போனதால் டிஸ்க்கைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும் என்விஆர் எழவே பத்து இருபது நிமிஷம் எடுக்கும், அதன் நடுவில் மறுபடி வெட்டினால் சேதம் இரட்டிப்பு.

தேதி, கருவி, காரணம், வாட் என நான்கு கட்டம் உள்ள ஒரு தாள் வைத்து ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். ஒரே கருவி ஒரே மாதத்தில் மூன்றாவது முறை அந்தத் தாளில் வந்தால் அடாப்டரை லோடோடு அளக்க வேண்டும். 12 வோல்ட் அடாப்டர் 11.2க்கு இறங்கியிருந்தால் மாற்றுங்கள். வோல்டேஜ் சரியாக இருந்து நண்பகலில் மட்டும் ஹேங் ஆனால் பெட்டியின் காற்றோட்டத்தைப் பாருங்கள். வாரம் தவறாமல் ஒரே இடைவெளியில் ஹேங் ஆனால் பெரும்பாலும் மெமரி கசிவு; புது ஃபர்ம்வேர் வரும் வரை வாரம் ஒரு முறை, ஆள் குறைவான நேரத்தில், மென்பொருள் ரீபூட்டை ஷெட்யூலில் போட்டுவையுங்கள்.